ஒரு பெசோவுக்கு ஒரு டாலர்: அர்ஜென்டினா 2001 பற்றிய கேள்விகள்

சென்ற இதழில் வங்கிச் சேமிப்பு பற்றிய ஒரு பதிலின் நடுவே, 'அரசே வங்கிக்குப் பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதை அர்ஜென்டினா மக்கள் 2001இல் பார்த்தார்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதும் அர்ஜென்டினாதான். வங்கிக் கவுன்டரிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்த நாட்டுக்கு நேர்ந்ததை என்னால் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை. பதில்களில் அந்தச் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் ஐந்து ஜனாதிபதிகள் மாறினார்கள் என்கிறார்களே, உண்மைதானா? (கல்லூரி மாணவி ஒருவர்)

உண்மைதான் அம்மா. 2001 டிசம்பர் 20 அன்று ஃபெர்னாண்டோ தெ லா ருவா பதவி விலகினார். செனட் தலைவர் ரமோன் புவெர்த்தா பொறுப்பேற்றார். 23ஆம் தேதி சான் லூயிஸ் மாகாண ஆளுநர் அதோல்ஃபோ ரொத்ரிகெஸ் சாவை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. சொந்தக் கட்சி ஆளுநர்களே கைவிட்டதால் அவர் 30ஆம் தேதி விலகினார். கீழவைத் தலைவர் எதுவார்தோ கமான்யோ இரண்டு நாள் கவனித்துக்கொண்டார். 2002 ஜனவரி 2 அன்று எதுவார்தோ துவால்டே பதவியேற்றார். 1999 தேர்தலில் தெ லா ருவாவிடம் தோற்றவர் இந்தத் துவால்டேதான்.

புவெர்த்தாவும் கமான்யோவும் இடைக்காலப் பொறுப்பாளர்கள். அதனால் 'ஐந்து ஜனாதிபதிகள்' என்பதைக் கொஞ்சம் தளர்த்தித்தான் படிக்க வேண்டும். துணை ஜனாதிபதி எங்கே போனார் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கார்லோஸ் ஆல்வாரெஸ் 2000 அக்டோபரிலேயே விலகிவிட்டார். ஒரு தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றச் செனட்டர்களுக்கு லஞ்சம் கொடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அதில் ஜனாதிபதி உறுதி காட்டவில்லை என்பது அவர் வருத்தம். குற்றம் சாட்டப்பட்டவர்களை 2013இல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் 2001இல் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நெருக்கடி வந்தபோது தெ லா ருவாவுக்குப் பக்கத்தில் நிற்கக் கூட்டணியில் ஆளில்லை.

ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டம் போட்டார்களாம். ஒரு நாட்டு நாணயத்தை அப்படிக் கட்டிவைக்க முடியுமா? கட்டித்தான் ஏன் வைத்தார்கள்? (வணிகவியல் ஆசிரியர் ஒருவர்)

1989ஐத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஐயா. அந்த ஆண்டு அர்ஜென்டினாவில் விலைவாசி ஓராண்டில் 3,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கடைகளில் ஒரே பொருளுக்கு ஒரே நாளில் பலமுறை விலைச்சீட்டு மாற்றி ஒட்டினார்கள். சம்பளம் கைக்கு வந்த அன்றே அரிசி, மாவு, எண்ணெய் என்று வாங்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அதே காசுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். ஜனாதிபதி ரவுல் அல்ஃபோன்சின் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். அடுத்து வந்த கார்லோஸ் மெனெமின் பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாயோ, 1991 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1992இல் பழைய நாணயமான ஆஸ்திரால் பத்தாயிரம் சேர்ந்து ஒரு பெசோ ஆனது. ஒரு பெசோவுக்கு ஒரு டாலர். கையிருப்பில் டாலர் இருந்தால் மட்டுமே மத்திய வங்கி பெசோ வெளியிடலாம்.

பலன் உடனே தெரிந்தது. 1993இல் விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கடன் மீண்டும் கிடைத்தது. வாடகை, கடன், ஒப்பந்தம் எல்லாவற்றையும் டாலரில் எழுதினார்கள். பெசோவும் டாலரும் கடைகளில் ஒன்றாகப் புழங்கின. இந்தச் சட்டத்தை முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுநாள் விலை இன்றைக்கு இருந்தபடியே இருக்கும் என்பது பணவீக்கத்தில் வெந்த குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! மக்கள் அந்தச் சட்டத்தை நேசித்தார்கள். 1999 தேர்தலில் தெ லா ருவா வென்றதே 'ஒன்றுக்கு ஒன்று' தொடரும் என்று சொல்லித்தான்.

கோளாறு எங்கே? பெரிய கப்பலோடு கயிறு கட்டிய படகு, கப்பல் போகும் பக்கமெல்லாம் போயாக வேண்டும். டாலர் வலுத்தபோது பெசோவும் வலுத்தது. அர்ஜென்டினாவின் கோதுமைக்கும் இறைச்சிக்கும் உலகச் சந்தையில் விலை குறைந்திருந்த காலம் அது. 1998 நடுவிலிருந்து தொழில் மந்தம். 1999 ஜனவரியில் பக்கத்து நாடான பிரேசில் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. பிரேசில் பொருள் மலிந்தது, அர்ஜென்டினாவின் ஆலைகள் மூடப்பட்டன. மற்ற நாடுகள் இப்படிப்பட்ட நேரத்தில் நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும். இங்கே அந்த வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. பெசோவை இறக்க முடியாது என்றால் சம்பளம் இறங்க வேண்டும், ஓய்வூதியம் இறங்க வேண்டும், வேலை இறங்க வேண்டும். 2001 அக்டோபரில் வேலையின்மை 18.3 சதவீதம்.

டிசம்பரில் திடீரென்று வெடித்ததா? முன்கூட்டியே யாருக்கும் தெரியவில்லையா? (வாசகர் ஒருவர்)

திடீரென்று இல்லை. அந்த ஆண்டின் ஒவ்வொரு மாதமும் அறிவித்துக்கொண்டேதான் வந்தது.

2000 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) முதலானவை சேர்ந்து ஏறத்தாழ 4,000 கோடி டாலர் உதவித்திட்டம் அறிவித்தன. 'கவசம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மார்ச்சில் மட்டும் மூன்று பொருளாதார அமைச்சர்கள். மச்சினேயா விலகினார். அடுத்து வந்த லோபெஸ் மர்ஃபி பல்கலைக்கழக நிதியில் கைவைக்கப் பார்த்தார், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டே வாரத்தில் அவரும் போனார். பிறகு பழைய கவாயோவையே அழைத்துவந்தார்கள். கயிற்றைக் கட்டியவரே அவிழ்ப்பார் என்று சிலர் நம்பினார்கள். அவரோ கயிற்றைக் காப்பாற்றவே வந்தார்.

ஜூனில் ஏறத்தாழ 2,950 கோடி டாலர் கடன்பத்திரங்களைத் தவணை தள்ளிப்போட்டு, அதிக வட்டிக்கு மாற்றினார்கள். ஜூலையில் 'பற்றாக்குறை பூஜ்யம்' என்று சட்டம். வரும் வரியைத் தாண்டி அரசு ஒரு பெசோவும் செலவழிக்காது. அதற்காக அரசு ஊழியர் சம்பளத்திலும் 500 பெசோவுக்கு மேற்பட்ட ஓய்வூதியத்திலும் 13 சதவீதம் வெட்டு. கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி போய்க்கொண்டிருந்தது. அந்த வட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த 13 சதவீதத்தைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

மாகாணங்களிடம் சம்பளம் கொடுக்கக் காசில்லை. பியூனஸ் அயர்ஸ் மாகாணம் 'பத்தகோன்' என்ற பெயரில் தானே ஒரு பத்திரத்தை அச்சடித்து ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தது. கோர்தோபாவுக்கு ஒரு பத்திரம், சாக்கோவுக்கு ஒன்று, என்ட்ரே ரியோஸுக்கு ஒன்று. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பத்தகோனுக்கென்றே தனி உணவுத் தொகுப்பு விற்றார்கள். ஒரு மாகாணத்துப் பத்திரம் அடுத்த மாகாணத்துக் கடையில் செல்லுமா என்பது கடைக்காரர் மனநிலையைப் பொறுத்தது.

அக்டோபர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் வெற்றாகவோ செல்லாததாகவோ விழுந்தன. அங்கே வாக்களிப்பது கட்டாயம், வாக்குச்சீட்டை உறையில் வைத்துப் போட வேண்டும். உறைக்குள் பலர் க்ளெமென்டே என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தின் படத்தை வைத்தார்கள். அந்தப் பாத்திரத்துக்குக் கைகள் கிடையாது, ஆகவே திருட முடியாது. இவ்வளவு பச்சையாக மக்கள் எழுதிக் கொடுத்த பிறகும் அரசு மாளிகையில் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

வங்கியைப் பூட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரியாக என்ன நடந்தது? (வங்கி ஊழியர் ஒருவர்)

நம் தொழில்காரர் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டு முழுவதும் பணம் வங்கியைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஓடியது பெரிய பணம். நிறுவனங்களும் செல்வர்களும் பல நூறு கோடி டாலரைக் கம்பி வழியாக மியாமிக்கும் நியூயார்க்குக்கும் மோன்டெவிடியோவுக்கும் அனுப்பிவிட்டார்கள். நவம்பர் கடைசியில் சாதாரண மக்கள் வரிசையில் நின்றபோது பெட்டகம் ஏற்கெனவே மெலிந்திருந்தது. டிசம்பர் 1 சனிக்கிழமை அரசாணை வந்தது. திங்கட்கிழமை வங்கி திறந்தபோது, கணக்கு வைத்திருப்பவர் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பக் கடும் கட்டுப்பாடு. இதற்கு மக்கள் வைத்த பெயர் 'கொரலீத்தோ', அதாவது சிறு அடைப்பு. பன்னாட்டு நிதியம் டிசம்பர் 5 அன்று 126 கோடி டாலர் தவணையைத் தர மறுத்துவிட்டது.

காசோலையும் கார்டும் உள்ளவர்கள் ஏதோ ஓட்டிவிட்டார்கள். அர்ஜென்டினாவின் உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் பதிவில்லாத வேலை செய்தவர்கள். வீட்டுவேலை செய்யும் பெண், குழாய் பழுதுபார்ப்பவர், சந்தையில் மூட்டை தூக்குபவர் என எல்லோருக்கும் கூலி ரொக்கமாகத்தான் வரும். முதலாளியம்மாவே வாரம் 250 பெசோவில் திணறும்போது வேலைக்காரப் பெண்ணுக்குச் சேரும் காசு முதலில் நின்றுபோனது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள்தான் வங்கிப் பூட்டில் அதிகம் அடிபட்டார்கள். செய்திகளில் சேமிப்பாளர்களின் கோபம் நிறைய வந்தது. இந்தக் கூலிக்காரர்களின் பட்டினி அவ்வளவாக வரவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

கவுன்டரில் இருந்தபோது பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பணம் எடுக்க வருகிறவர் முகத்தில் பயம் தெரிந்தால் கேள்வி கேட்காதே, முகம் சுளிக்காதே, கேட்ட தொகையை அவர் கண்முன்னே எண்ணி உடனே கொடு. பாதிப் பேர் ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். பணம் அங்கே இருக்கிறதா என்பது மட்டுமே அவர்கள் தெரிந்துகொள்ள வந்தது. 'இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எந்த வட்டி கொடுத்தும் அந்த முகத்தைத் திரும்பக் கவுன்டருக்குக் கொண்டுவர முடியாது. அர்ஜென்டினா அரசு ஒரே நாளில் நாடு முழுவதற்கும் 'இல்லை' என்றது. இன்றும் அந்த நாட்டில் பலர் சேமிப்பை டாலர் நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பொருளாதார அறிவு இல்லாதவர்கள் என்று எழுதுகிறவர்கள் 2001ஐ மறந்துவிடுகிறார்கள்.

பாத்திரங்களைத் தட்டியே அரசைக் கவிழ்த்தார்களாமே? (இல்லத்தரசி ஒருவர்)

தட்டினார்கள், அம்மா. அரசும் கவிழ்ந்தது. ஆனால் நடுவில் ரத்தமும் சிந்தியது. அதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 19 புதன்கிழமை. அங்கே அது கோடைக்காலம், புழுக்கமான இரவு. பத்தரை மணி தாண்டியதும் தெ லா ருவா தொலைக்காட்சியில் வந்து நாட்டில் முற்றுகை நிலை பிரகடனம் செய்வதாக அறிவித்தார். கூட்டம் கூட உரிமையில்லை. 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டில் அந்த வார்த்தைகளுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். உரை முடிவதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. ஒரு பால்கனியில் கரண்டி வாணலியில் விழுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் மூடியும் மூடியும் மோதுகின்றன. பிறகு தெரு முழுவதும். கட்சி அழைக்கவில்லை, சங்கம் அழைக்கவில்லை. அரைக்கால் சட்டையும் வீட்டுச் செருப்புமாக இறங்கினார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சிலர், வயதானவர்களைக் கைப்பிடித்துக்கொண்டு சிலர். ஒரு கூட்டம் கவாயோவின் வீட்டு வாசலுக்குப் போனது. மற்றவர்கள் தலைநகர் பியூனஸ் அயர்ஸின் நடுவே இருக்கும் பிளாசா தே மாயோ சதுக்கத்துக்கு நடந்தார்கள். 'எல்லோரும் போகட்டும், ஒருவர்கூட மிஞ்ச வேண்டாம்' என்பது முழக்கம். விடிவதற்குள் கவாயோ விலகினார். சதுக்கத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வெடித்தன.

மறுநாள் வியாழக்கிழமை. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 1977 முதல் பிளாசா தே மாயோ அன்னையர் வாரந்தோறும் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும் நாள் அது. வெள்ளை முக்காடு அணிந்த அந்தக் கிழவிகள்மீது குதிரைப் போலீஸ் பாய்ந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வேலையைப் போட்டுவிட்டுச் சதுக்கத்துக்கு வந்தார்கள். பைக்கில் கடிதமும் பார்சலும் கொண்டுபோகும் இளைஞர்கள் அன்று அடிபட்டவர்களை ஏற்றிச் சென்றார்கள், போலீஸ் வரிசைக்கு எதிரே வண்டியோடு நின்றார்கள். சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காஸ்தோன் ரீவா, தியேகோ லமக்னா, கார்லோஸ் அல்மிரோன், குஸ்தாவோ பெனதேத்தோ, அல்பெர்த்தோ மார்கெஸ். ரீவா அந்த பைக் இளைஞர்களில் ஒருவர். நாடு முழுவதும் அந்த நாட்களில் இறந்தவர்கள் 39 பேர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

மாலை 7.52க்கு அரசு மாளிகையின் மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தெ லா ருவா கிளம்பினார். 2016இல் அன்றைய பாதுகாப்புச் செயலர் என்ரிகே மத்தோவுக்கும் போலீஸ் தலைவர் ரூபேன் சாந்தோசுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி மீதான வழக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. முற்றுகை நிலை பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். வழக்கைக் கைவிட்ட அந்த முடிவு எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த டிசம்பரில் கடைகளைச் சூறையாடியது எதிர்க்கட்சியின் ஏற்பாடு என்று படித்தேன். மக்கள் எழுச்சி என்று நீங்கள் மெச்சுவது சரியா? (ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்)

நியாயமான கேள்வி, ஐயா. எதிர்க்கட்சியான பெரோனியக் கட்சியின் உள்ளூர் ஆட்கள் சிலர் இன்ன கடைக்கு இன்ன நேரம் வாருங்கள் என்று ஆள் சேர்த்ததற்கும், சில இடங்களில் போலீஸ் ஒதுங்கி நின்றதற்கும் சான்றுகள் உண்டு. சூறைக்கு ஆளானவர்களும் பெரும்பாலும் சிறுகடைக்காரர்கள். பியூனஸ் அயர்ஸின் புறநகரான சியுதாதெலாவில் கடை மொத்தமும் பறிபோன சீனக் கடைக்காரர் கேமரா முன்னால் கதறி அழுதது நாடே பார்த்த காட்சி. அவர் யாருடைய சேமிப்பையும் பூட்டவில்லை.

ஆனால் பசியை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ரொசாரியோ நகரத்தின் லாஸ் ஃப்ளோரெஸ் பகுதியில் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் க்ளாவ்தியோ லெப்ராத்தி என்பவர் வேலை செய்தார். மதக் குருத்துவப் பயிற்சியை விட்டுவிட்டு ஏழைக் குடியிருப்புக்கு வந்தவர், சைக்கிளில் சுற்றி இளைஞர்களைத் திரட்டியவர். 19ஆம் தேதி போலீஸ் அந்தப் பக்கம் சுட்டுக்கொண்டு வந்தபோது கூரைமேல் ஏறி, 'துப்பாக்கியை இறக்குங்கள், இங்கே பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்' என்று கத்தினார். கழுத்தில் சுட்டார்கள். இறந்துவிட்டார். சுட்ட போலீஸ்காரருக்குத் தண்டனை கிடைத்தது. திட்டமிட்ட சூறை, உண்மைப் பசி இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது இந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

ராணுவம் ஏன் ஆட்சியைப் பிடிக்கவில்லை? (பள்ளி மாணவர் ஒருவர்)

நல்ல கேள்வி, தம்பி. 1930, 1943, 1955, 1962, 1966, 1976 என்று ஆறு முறை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த நாடு அது. 2001இல் படைவீரர்கள் முகாமைவிட்டு வெளியே வரவில்லை. 1982இல் பிரிட்டனோடு நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் தோற்றும், 1985 வழக்கில் முன்னாள் தளபதிகள் சிறைக்குப் போயும் ராணுவத்தின் மரியாதை போயிருந்தது. உள்நாட்டுக் கலவரத்தை அடக்குவது ராணுவத்தின் வேலை அல்ல என்று 1988இல் சட்டமும் வந்துவிட்டது. அவ்வளவு குழப்பத்திலும் அடுத்த ஜனாதிபதியை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் அர்ஜென்டினா மக்கள் பெருமைப்பட வேண்டியது இது.

கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தபோது நாடாளுமன்றம் கைதட்டியதாமே? (வாசகி ஒருவர்)

டிசம்பர் 23 அன்று ரொத்ரிகெஸ் சா அறிவித்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், 'அர்ஜென்டினா, அர்ஜென்டினா' என்று முழங்கினார்கள். கட்ட வழியில்லாத கடன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கைதட்ட என்ன இருக்கிறது? அந்தப் பத்திரங்களை வைத்திருந்தவர்களில் சொந்த நாட்டு ஓய்வூதிய நிதிகளும் இருந்தன.

அன்றாடம் எப்படித்தான் பிழைத்தார்கள்? (தையல் தொழிலாளி ஒருவர்)

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். பியூனஸ் அயர்ஸில் புருக்மான் என்ற கோட்டு-சூட்டு தைக்கும் ஆலை. வாரச் சம்பளம் தேய்ந்து தேய்ந்து பஸ் கட்டணத்துக்கே போதாத நிலை. டிசம்பர் 18 அன்று, வீட்டுக்குப் போகவாவது காசு கொடுங்கள் என்று தையல்காரப் பெண்கள் கேட்டார்கள். முதலாளிகள் பணம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள், வரவில்லை. பெண்கள் ஆலையிலேயே இரவு தங்கினார்கள். காத்திருந்து அலுத்து, தாங்களே இயந்திரத்தை ஓட்டினார்கள், தைத்து விற்று மின் கட்டணம் கட்டினார்கள். 2003 ஏப்ரலில் போலீஸ் வெளியேற்றியது. வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே ஆலை அவர்களின் கூட்டுறவுக்குக் கிடைத்தது. கூட்டுறவின் பெயர் 'டிசம்பர் 18'. நியூக்கேன் நகரில் தரை ஓடு செய்யும் சனோன் ஆலையின் தொழிலாளர்களும் இப்படியே தங்கள் ஆலையை நடத்தினார்கள்.

பண்டமாற்றுக் கழகங்கள் இருந்தன. 1995இல் பெர்னால் என்ற ஊரில் தொடங்கியவை. ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து முடிவெட்டிக்கொள்ளலாம். 'கிரேதித்தோ' என்ற சீட்டுதான் அங்கே காசு. கள்ளச்சீட்டு பெருகி 2002 கடைசியில் அவை சரிந்தன. வேலை போனவர்கள் இரவில் தள்ளுவண்டியோடு அட்டைப்பெட்டி பொறுக்க வந்தார்கள். வண்டிகளோடு ஏறுவதற்காக இருக்கைகளைக் கழற்றிய ரயில் ஒன்று அவர்களுக்கென்றே ஓடியது. 2002 அக்டோபரில் மக்கள்தொகையில் 57.5 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. உலகத்துக்கே கோதுமையும் மாட்டிறைச்சியும் விற்கும் நாட்டில், துக்குமான் மாகாணத்தில் குழந்தைகள் ஊட்டமில்லாமல் இறந்தார்கள். இதை எழுதும்போது கை நிற்கிறது.

அந்தக் களேபரத்திலும் கால்பந்து நடந்ததா? (விளையாட்டு ரசிகர் ஒருவர்)

நடந்தது. ராசிங் அணி 1966க்குப் பிறகு லீக் பட்டம் வென்றதே இல்லை. டிசம்பர் நடுவில் முதலிடத்தில் நின்றபோதுதான் நாடு கவிழ்ந்தது, போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டன. 27ஆம் தேதி கடைசி ஆட்டத்தை நடத்த அனுமதி கிடைத்தது. வெலெஸ் மைதானம் நிறைந்தது. இடம் கிடைக்காதவர்கள் அவெயநேதாவில் ராசிங்கின் சொந்த மைதானத்தில் திரையில் பார்க்கக் கூடினார்கள், அதுவும் நிறைந்தது. ஆட்டம் 1-1 சமன். 35 ஆண்டுக்குப் பிறகு ராசிங் சாம்பியன். வங்கியில் பணம் சிக்கியிருந்த அத்தனை பேரும் அன்று அழுதது மகிழ்ச்சியில்.

யார் குற்றவாளி? கவாயோவா, மெனெமா, பன்னாட்டு நிதியமா? (வழக்கறிஞர் ஒருவர்)

கயிற்றைக் கட்டியது கவாயோ. கட்டிய தெம்பில் கடன் வாங்கிச் செலவழித்தது மெனெம் அரசு. தொலைபேசி, ரயில், விமானம், எண்ணெய் என்று பொதுச்சொத்துகளை விற்ற பணமும் கரைந்தது. நிதியம் 1990களில் அர்ஜென்டினாவை முன்மாதிரி என்று உலகத்துக்குக் காட்டியது. அதன் சொந்த மதிப்பீட்டு அலுவலகமே 2004இல், தாங்காத கொள்கைக்கு நீண்ட காலம் முட்டுக்கொடுத்தது தவறு என்ற பொருளில் அறிக்கை தந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், 2001 ஜூலையில் அந்த 13 சதவீத வெட்டுக்குக் கைதூக்கியவர்களைத்தான் முதலில் நிறுத்துவேன். கயிறு அறுந்துவிடும் என்று அப்போதே தெரியும். கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம். மதிப்பைக் குறைத்து, சிறு சேமிப்பைக் காத்திருக்கலாம். அதற்குப் பதிலாக இன்னும் ஐந்து மாதம் ஓட்டினார்கள். அந்த ஐந்து மாதத்தில் பெரிய பணம் நாட்டைவிட்டுத் தப்பியது, சிறிய பணம் உள்ளே மாட்டிக்கொண்டது.

கடைசியில் சேமிப்பாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா? (முன்னர் கேட்ட அதே வங்கி ஊழியர்)

பதவியேற்பதற்கு முன்தினம் துவால்டே நாடாளுமன்றத்தில், 'டாலர் போட்டவர்களுக்கு டாலர் கிடைக்கும்' என்றார். ஒரு வாரத்துக்குள் 'ஒன்றுக்கு ஒன்று' சட்டம் போனது. பிப்ரவரியில் ஆணை வந்தது. டாலர் வைப்புகள் ஒரு டாலருக்கு 1.40 பெசோ கணக்கில் பெசோவாக மாற்றப்படும். கடன் வாங்கியவர்களுக்கோ ஒரு டாலருக்கு ஒரு பெசோ. ஜூனில் சந்தையில் ஒரு டாலர் ஏறத்தாழ 4 பெசோ. வீட்டுக்கடன் வாங்கிய குடும்பத்துக்கு அந்தச் சலுகை தேவைதான். ஆனால் உச்சவரம்பே இல்லாமல் பெருநிறுவனங்களின் டாலர் கடனும் அதே கணக்கில் கரைந்தது. 10,000 டாலர் போட்டவர் 14,000 பெசோவைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய மீதி டாலர் யார் கணக்கில் போயிற்று என்று கேட்டார்.

வங்கிகள் வாசலில் தகரம் அடித்துக்கொண்டன. சேமிப்பாளர்கள் சுத்தியலோடு வந்து அந்தத் தகரத்தைத் தட்டினார்கள். நகைச்சுவை நடிகர் நீட்டோ அர்த்தாசாவுக்கும் பணம் சிக்கியிருந்தது, அவரே ஊர்வலங்களுக்குத் தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். வைப்புத்தொகை முடக்கம் அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரி 1 அன்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் சிலர் முழு டாலரையும் மீட்டார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் காத்திருந்தார்கள். பெசோ மாற்றம் குறித்த இறுதிக் கணக்கை, விலைவாசிப் படியும் வட்டியும் சேர்த்து, உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில்தான் தீர்த்தது. வைப்புக்குப் பதிலாக அரசின் டாலர் பத்திரத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு அதன் கடைசித் தவணை 2012 ஆகஸ்ட் 3 அன்று கிடைத்தது.